படலையடியில் நிறைகுடம்

எங்கள் பங்குப் பாடசாலையில் நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கிறவர் அமராவதி அக்கா. ஒன்பது வருஷமாகச் சமைக்கிறார். நான் அங்கே நாலாம் வகுப்பு ரீச்சர், பெயர் மெற்றில்டா. என் உடம்பு இந்த அளவுக்கு வந்ததற்கு அவருடைய பருப்பும் கீரையும்தான் காரணம் என்று நானே பகிடியாகச் சொல்வேன். அப்படிப்பட்டவரைப் பற்றி இத்தனை வருஷத்தில் எனக்கு என்ன தெரிந்திருந்தது என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. உப்பு அளவாகப் போடுவார், கதை குறைவு, சைவச் சனம். அவ்வளவுதான்.

மிச்சத்தை இந்த ஒக்டோபரில்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் நாங்கள் விட்ட ஒரு பிழையால்.

அவர் பிறந்தது மலையகத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தாய் தகப்பன் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு லொறியேறிக் கிளிநொச்சிக்கு வந்தபோது அவருக்குப் பதினொரு வயது. இங்கே காடு வெட்டிக் கொட்டில் போட்டார்கள். இரணைமடுத் தண்ணீர் பாய்கிற மற்றவர்களின் வயல்களில் களை பிடுங்கியே அவர் வளர்ந்தார். வாய்க்கால் துப்புரவு செய்கிற சங்கிலி என்பவரைக் கட்டினார். இரண்டு பிள்ளைகள். கடைசிச் சண்டையில் எல்லோரையும் போல ஓடி, முள்ளுக்கம்பி முகாமுக்குள் இருந்து, திரும்பி வந்து, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த இரண்டு அறை வீட்டில் குடியேறினார்.

நாலு வருஷத்துக்கு முன் சங்கிலி அண்ணை சிறுநீரக வருத்தத்தில் போய்ச் சேர்ந்தார். மகன் சுதாகரன் அப்போதே கட்டாரில் இருந்தான். தகப்பனின் கொள்ளியை இன்னொருவன் வைக்க, அவன் போனில் பார்த்தான். மகள் சுமித்திரா வவுனியாவில் கலியாணம் கட்டி, ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். பொங்கலுக்கு வருவாள், பொங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள். அவளையும் குறை சொல்ல முடியாது, விடிந்தால் வேலை.

சங்கிலி அண்ணையின் முப்பத்தோராம் நாளுக்கென்று அமராவதி அக்கா ஆறு பிளாஸ்ரிக் கதிரை வாங்கினார். ஆட்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், கண்ணைத் துடைத்தார்கள், போனார்கள். அவர் கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மூலையில் வைத்தார். அதற்குப் பிறகு அவற்றை இறக்க வேண்டிய தேவை வரவில்லை.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். ஒக்டோபர் எங்களுக்குச் செபமாலை மாதம். மாரி மழை தொடங்குகிற காலம், வயல்காரர் விதைப்பில் நிற்கிற காலம், பள்ளிக்கூடத்தில் சிறுவர் தினமும் ஆசிரியர் தினமும் அடுத்தடுத்து வருகிற காலம். எல்லாவற்றுக்கும் நடுவில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். பின்னேரம் ஐந்தரைக்கு ஊர்வலமாகக் கொண்டுபோய் ஒரு வீட்டில் வைத்துச் செபமாலை சொல்வோம். கடலையும் தேத்தண்ணியும் தருவார்கள். மாதா அன்றிரவு அங்கேயே தங்குவா. அடுத்த நாள் பின்னேரம் அடுத்த வீடு.

எங்கள் வாய்க்கால் கரையில் கத்தோலிக்க வீடுகள் இருபத்தேழு. முதல் நாளும் கடைசி நாளும் கோவிலில். ஒரு நாள் பள்ளிக்கூடத்தில், ஒரு நாள் முன்பள்ளியில். முப்பத்தொன்றும் கணக்காக நிரம்பிவிடும். பட்டியல் எழுதுகிறது நான். பதினொரு வருஷமாக எழுதுகிறேன், கையெழுத்து நல்லதாம். யாருக்கு எந்த நாள் வசதி, எந்த வீட்டில் நாய் கடிக்கும், யாரும் யாரும் கதைக்கிறதில்லை, எல்லாம் எனக்குத் தெரியும். ஊர் நடப்பெல்லாம் விரல் நுனியில் என்று எனக்கொரு எண்ணமும் இருந்தது.

பிலோமினா அக்காவின் வீட்டுக்கும் சந்தியாப்பிள்ளை அண்ணையின் வீட்டுக்கும் இடையில் அமராவதி அக்காவின் வளவு. கடந்த மூன்று வருஷமும், சுரூபம் அந்த இரண்டு வீட்டுக்கும் இடையில் போகிற பின்னேரம், அவருடைய வேலிவாசல் படலையடி கூட்டித் தண்ணீர் தெளித்துக் கிடக்கும். முக்காலியில் நிறைகுடம், மாவிலை, தேங்காய், பக்கத்தில் ஒரு விளக்கு. தலை தோய்ந்து வெள்ளைச் சேலை கட்டி, அவர் படலைக்கு உள்ளே கைகூப்பி நிற்பார். எங்களுக்குப் பெருமை தாங்காது. சைவச் சனமென்றாலும் மாதாவுக்கு என்ன மரியாதை என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டு, அவருக்குத் தலையை ஆட்டிவிட்டு, பாட்டை இன்னும் கொஞ்சம் உரத்துப் பாடிக்கொண்டு போய்விடுவோம். ஒரு வருஷம் நான் அதைப் படமெடுத்து முகநூலில் போட்டேன். நூற்றுச்சொச்சம் பேர் விரும்பியிருந்தார்கள்.

இந்த வருஷம் பதினாலாம் திகதி அந்த வழியால் போனபோது நிறைகுடம் இல்லை. படலை சாத்தியிருந்தது. உள்ளே லைற் எரிந்தது.

அடுத்த நாள் இடைவேளையில் பள்ளிக்கூடக் குசினிக்குப் போனேன். அவர் கீரை அரிந்துகொண்டிருந்தார். என்னக்கா, இந்த முறை மாதாவோடு கோபமோ என்று பகிடியாகத்தான் கேட்டேன். கத்தி நின்றது. நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வன்னியில் இருந்தும், மனதிலிருந்து கதைக்கும்போது அவருக்கு மலையகத்துப் பேச்சுத்தான் வரும்.

“கோபமெல்லாம் இல்லைங்க ரீச்சர். மூணு வருசம் கும்பம் வச்சுக் கூப்பிட்டேன். நிக்காமப் போயிட்டாங்க. வர விருப்பமில்லாதவங்களத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டா அவங்களுக்கும் சங்கடம்தானே.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது காது சூடாகிவிட்டது. கோயில் திருவிழாவில் சாமி வீதி வரும்போது, எந்தப் படலையில் நிறைகுடம் இருக்கிறதோ அந்தப் படலையில் சாமி நிற்கும். ஐயர் பூசை செய்வார், பிறகுதான் நகரும். நிறைகுடம் வைக்கிறதென்றால் எங்கள் வீட்டுக்கு வா என்று கூப்பிடுகிறது. பிள்ளையார் கோயில் திருவிழாவை வேலியால் எட்டிப் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கு அது தெரியாத விஷயமில்லை. ஆனால் எங்கள் மாதாவுக்கு முன்னால் வைத்ததும், அது கும்பிட்டு வழிவிடுகிறது என்று நானும் எல்லோரும் முடிவுகட்டிவிட்டோம். மூன்று வருஷம் ஒரு மனிசி வாசலில் நின்று வா வா என்று கூப்பிட, நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறோம்.

வாய் திறந்து ஒரு சொல் கேட்டிருக்கலாமே என்றேன். பிழை என்னுடையது என்று தெரியும்போது நான் மற்றவர்களைத்தான் முதலில் ஏசுவேன், அது என் குணம். அவர் கோபிக்கவில்லை. ஆட்களிடம் கேட்டால், மாட்டோம் என்று சொல்ல முடியாமல் வருவீர்கள், அது வேறு என்றார். பிறகு கீரையைப் பார்த்தபடி, மாதா வந்தால் அடுத்த நாள் பின்னேரம் வரைக்கும் வீட்டில் இருப்பாங்களாமே என்று கேட்டார். ஓமென்றேன். திரும்பவும் அரியத் தொடங்கினார்.

அன்றைக்கே பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு சந்தியாப்பிள்ளை அண்ணையிடம் போனேன். எங்கள் பகுதிச் செபக்குழுவுக்கு அவர்தான் தலைவர். நல்ல மனிசன், ஆனால் ஒரு முடிவெடுக்க ஒரு போகம் வேண்டும். அந்த மனிசியின் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் எங்கள் மாதாவைக் கொண்டுபோய் வைத்தால் அவவுக்குத்தான் மனச் சங்கடம், அதுதான் நாங்கள் இவ்வளவு காலமும் கரைச்சல் குடுக்கவில்லை என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. அமராவதி அக்காவுக்குச் சங்கடம் வரக்கூடாதென்று நாங்களும், எங்களுக்குச் சங்கடம் வரக்கூடாதென்று அவரும், ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் இருந்திருக்கிறோம். பங்குச் சுவாமியிடம் கேட்டபோது, சமைத்துத் தருகிறவருடைய வீட்டுக்குப் போக என்னிடம் ஏன் உத்தரவு என்று கேட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

முன்பள்ளிக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. இருபத்தோராம் திகதி முன்பள்ளி என்றிருந்ததை வெட்டி, சிவப்புப் பேனையால் அமராவதி என்று எழுதினேன்.

அன்றைக்கென்று பார்த்து மூன்று மணிக்கு மழை பிடித்தது. வழமையாக நாற்பது ஐம்பது பேர் வருகிற இடத்தில் பதினொரு பேர் வந்தோம். மாதாவுக்குப் பொலித்தீன் உறை, எங்களுக்கு ஆளுக்கொரு குடை. அமராவதி அக்கா மழைக்குள் படலையடியில் நின்றார். நிறைகுடம் இருந்தது, விளக்கு மட்டும் அணைந்திருந்தது. சந்தியாப்பிள்ளை அண்ணை சுரூபத்தோடு படலைக்குள் காலெடுத்து வைத்தபோது அக்கா பின்பக்கமாகவே நடந்து, முகத்தைத் திருப்பாமல் வீடு வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார்.

உள்ளே மேசையில் வெள்ளைத் துணி, மெழுகுதிரி, செவ்வரத்தம்பூ. ஆறு கதிரையும் துடைத்துப் போட்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பாய் இரண்டு கடன் வாங்கி விரித்திருந்தார். குசினியில் ஒரு அண்டா கடலை. பள்ளிக்கூடத்துக்குச் சமைத்துப் பழகிய கை, அறுபது பேருக்கு அவித்து வைத்திருந்தது. செபமாலை சொல்லும்போது அவர் சுவரோரம் கைகூப்பி இருந்தார். நாலாவது பத்து மணிச் செபத்தில் பின்னால் ஒரு மெல்லிய குரல் எங்களோடு சேர்ந்து சொல்வது கேட்டது. ஒன்பது ஒக்டோபர் பள்ளிக்கூட ஒலிபெருக்கியில் கேட்டுக்கேட்டு அவருக்குப் பாடமாகியிருந்தது.

மழை கூடியதால் எல்லோரும் அவசரப்பட்டார்கள். கடலையைக் கடதாசிச் சரைகளில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்கள். நானும் செருப்பைத் தேடினேன். கொஞ்சம் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்களேன் என்றார். இன்னொரு நாளைக்கு வாறன் அக்கா என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தேன். நான் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்கிறது.

அடுத்த நாள் காலை பள்ளிக்கூடக் குசினியில் புகை எழும்பவில்லை.

ஒன்பது வருஷத்தில், புருஷன் செத்த நாட்களைத் தவிர, அவர் வராமல் விட்டதேயில்லை. ஏழரை, எட்டு, எட்டரை. போன் அடித்தால் எடுக்கவில்லை. அதிபர் சிஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறது என்று என்னைத்தான் கேட்டார், அந்த வீட்டைப் பட்டியலில் சேர்த்தவள் நான்தானே. கடைக்கு ஆளனுப்பி பணிஸ் வாங்கச் சொன்னார். எனக்கு வேறு பயம். நேற்று மழையில் நனைந்த மனிசி, தனிய இருக்கிறவர், விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும். பாடவேளை முடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

படலை திறந்திருந்தது. வாசலுக்குப் போக, உள்ளே கதைக்கிற சத்தம் கேட்டது. மகள் வந்திருக்கிறாள் போல என்று நிம்மதியாக இருந்தது. எட்டிப் பார்த்தேன்.

யாரும் வரவில்லை. அவர் சுரூபத்துக்கு முன்னால் பாயில் கால் நீட்டி இருந்தார். மேசையில் வாழையிலை போட்டுச் சோறும் பூசணிக்காய்க் கறியும் வைத்து இன்னொரு இலையால் மூடியிருந்தது. சுமித்திராவுக்கு இரண்டாவது பிள்ளை தங்காமல் போனது, கிணற்றுத் தண்ணீர் உப்பானது, சங்கிலி அண்ணை கடைசிக் கிழமை தன்னை யாரென்று தெரியாமல் பார்த்தது, எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு மனிசியோடு கதைக்கிற மாதிரி ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷத்தில் அவர் இவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. உள்ளே போகவும் முடியாமல், திரும்பவும் முடியாமல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என்னைக் கண்டதும் எழும்பினார். பிள்ளைகள் பட்டினி என்று ஏசத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே சொன்னார்.

“மன்னிச்சிக்கங்க ரீச்சர். வீட்டுக்கு ஆள் வந்திருக்கிற நேரத்துல தனியா விட்டுட்டு எப்புடி வர்றது? நாலு வருசத்துல இந்த வீட்டுல ராத்தங்குன ஆள் இவங்க மட்டுந்தான்.”

ஏசாமல் உள்ளே போனேன். ஒரு கதிரையில் இருந்தேன். ஆறு கதிரையும் முதல்நாள் போட்டபடியே இருந்தன. அவர் தேத்தண்ணி வைக்கப் போனார், நான் வேண்டாமென்றேன், பதினொன்றரைக்கு எனக்குப் பாடம். அவருக்குக் காய்ச்சல் என்று சிஸ்டரிடம் சொன்னேன். செபமாலை மாதத்தில் பொய். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், அதற்காக மனம் வருந்துகிற மனஸ்தாபம் இதுவரை வரவில்லை.

பின்னேரம் ஐந்தரைக்கு மாதாவை எடுக்க வந்தோம். அன்று மழையில்லை, நாற்பது பேருக்கு மேல். சந்தியாப்பிள்ளை அண்ணை சுரூபத்தைத் தூக்கியதும் அமராவதி அக்கா அதற்கு முன்னால் நெற்றியில் தொட்டுக் கும்பிட்டார். ஊரில் ஒருவரை வழியனுப்புகிற மாதிரி, போயிட்டு வாங்க என்றார். பாட்டுத் தொடங்கியது. படலைக்கு வெளியே வந்து வாய்க்கால் திருப்பம் வரைக்கும் நான் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் நிறைகுடத்துத் தண்ணீரைத் தேசி மரத்துக்கு ஊற்றிவிட்டு, வெறும் குடத்தோடு படலையடியில் நின்றார். நான் அவரிடம் திரும்பிப் போயிருக்கலாம். மூன்றாவது பத்து மணிச் செபம் நான்தான் சொல்ல வேண்டும் என்று பட்டியலில் எழுதியிருந்தேன். போகவில்லை.

அடுத்த நாள் காலை ஆறரைக்கே குசினியில் புகை எழும்பியது. பிள்ளைகள் பருப்பு நல்லாயிருக்கென்று இரண்டாம் தரம் கேட்டார்கள். நான் என் சாப்பாட்டுக் கோப்பையோடு போனபோது, அமராவதி அக்கா சோற்றைப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“ரீச்சர், அந்தக் கதிரைய இன்னும் அடுக்கல. இன்னொரு நாளைக்கு வாறன்னு சொன்னீங்க. எந்த நாள்னு எழுதிக் குடுத்தீங்கன்னா வீட்டுல இருப்பேன்.”

மாதாவுக்கு எந்த நாள் எந்த வீடு என்று பதினொரு வருஷமாக எழுதுகிறவள் நான். என்னுடைய இன்னொரு நாளுக்குத் திகதி இல்லை என்பதை அந்த இடத்தில்தான் கண்டேன். எனக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளையின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, வெள்ளிக்கிழமை நாலரை மணி என்று எழுதி, கீழே என் பெயரும் எழுதிக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். பிறகு நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த பிள்ளைக்குச் சோறு போட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து மழை அடித்து ஊற்றியது. வாய்க்கால் பொங்கி ஒழுங்கை முழுக்கச் சேறு. இந்த மழைக்குள் வரமாட்டாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள், நானும் ஒருதரம் அப்படி நினைத்தேன். ஸ்கூட்டியை விட்டுவிட்டுக் குடையோடு நடந்தேன். பிலோமினா அக்காவின் வேலி தாண்டியதும் தெரிந்தது. படலையடியில், கூட்டிய நிலத்தில், முக்காலியின் மேல் நிறைகுடம். மாவிலையிலும் தேங்காயிலும் மழைத்தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அவர் குடை இல்லாமல் படலைக்கு உள்ளே நின்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் படலையில் நான் நின்றேன்.